கண்மாய்க் கரை போதும், கொடைக்கானல் வேண்டாம்

வாசகர் கேள்விகள் – கால்நடை மருத்துவர் பதில்கள்

நாயோடு வெளியே போய்வருவது பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் பிரித்தால், பாதிப் பேர் எங்கே கூட்டிப் போகலாம் என்கிறார்கள். மீதிப் பேர், கூட்டிப் போன இடத்தில் இப்படி ஆகிப்போச்சே என்கிறார்கள். நான் அரசுக் கால்நடை மருத்துவராக மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டில் இரண்டு நாய்கள்: கன்னி என்ற நம் நாட்டு வேட்டை இனத்தில் ஒன்று, தெருவிலிருந்து வந்து தானாகவே தங்கிவிட்டது ஒன்று. ஆகவே என் பதில்களில் மதுரை வாடை தூக்கலாகத்தான் இருக்கும். மற்ற ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அடுக்குமாடி வீட்டில் இரண்டு வயது லாப்ரடார் வளர்க்கிறோம். வாரம் முழுக்க அதற்கு மொட்டை மாடிதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரில் எங்காவது கூட்டிப் போக ஆசை. 25 கிலோமீட்டருக்குள் நல்ல இடம் சொல்லுங்கள். கொடைக்கானல் போய் வரலாமா என்றும் ஒரு யோசனை.
– வாசகி, அண்ணா நகர், மதுரை

கொடைக்கானல் உங்களுக்கு நல்ல ஊர். நாய்க்கு, மலை வளைவுகளில் நாலு தடவை வாந்தி எடுத்துவிட்டு, ஏரியைச் சுற்றிக் கூட்டத்தில் இடிபட்டு, ராத்திரி தங்கும் விடுதியில் விடாமல் வெளியே நிற்கிற ஊர். மதுரையைச் சுற்றிக் கண்மாய்க்கா பஞ்சம்? மாடக்குளம் இருக்கிறது, திருப்பரங்குன்றம் பக்கம் நிலையூர் இருக்கிறது. இன்னும் பெயர் தெரியாத ஊர்க் கண்மாய்கள் எத்தனையோ. கரை மேல் ஆள் நடக்கிற தடம் இருக்க வேண்டும், வண்டிப் போக்குவரத்து இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

விடிகிற நேரத்துக்கே கரையில் நிற்க வேண்டும், அதாவது வீட்டிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் ஐந்து மணியா என்று வீட்டில் முணுமுணுப்பு வரும். எட்டரைக்கு வெயில் ஏறிவிடும், அதற்குள் திரும்பிவிட வேண்டும், வேறு வழியில்லை.

போனதும் நடை நடை என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நம் மூக்கில் வாசனை அறியும் செல்கள் 50, 60 லட்சம் என்றால் நாயின் மூக்கில் 20 கோடிக்கு மேல். அதற்கு ஒரு புல்கட்டு போதும், அங்கேயே பத்து நிமிடம் நிற்கும். நிற்கட்டும். கொஞ்சம் குனிந்து பாருங்கள்: நாய் மூச்சை முன்பக்கத் துளையில் இழுத்து, பக்கவாட்டுப் பிளவு வழியே வெளியே விடும். புழுதி மண்ணில் மூக்கை வைத்தால், இரண்டு பக்கமும் மண் சன்னமாக விசிறியடிப்பது கண்ணுக்கே தெரியும். நேற்று ராத்திரி அந்த வழியாகக் கீரி போனதா, ஆட்டுக்கிடை வந்து தங்கியதா, வேறு ஊர் நாய் வந்து காலைத் தூக்கியதா, எல்லாம் அதற்குள் போய்க்கொண்டிருக்கும். இப்படி ஒரு மணி நேரம் முகர்ந்த நாய் வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரை தூங்கும். ஐந்து கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு ஓடினாலும் அந்த அசதி வராது.

லாப்ரடார் என்பதால் தண்ணீரைக் கண்டதும் பாயும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கண்மாய் நிரம்பிக் கிடக்கும்போது கரையோரமாக நீந்தவிடலாம், நீளக் கயிறு மட்டும் கையில் இருக்கட்டும். மடைக்கும் கலிங்குக்கும் பக்கத்தில் கூடவே கூடாது, அங்கே தண்ணீர் இழுக்கும். பங்குனி, சித்திரையில் தண்ணீர் சுண்டிப் பச்சை பச்சையாகப் படிந்திருந்தால் இறக்கவே வேண்டாம். அந்தப் பாசியில் சில வகை கல்லீரலைக் கெடுக்கும், குடித்த அன்றைக்கே நாயைக் கொல்லக்கூடியவையும் உண்டு. வற்றிய கண்மாயின் நடுவில் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், காலை வைத்தால் தொடை வரை சேறு. எலிக்காய்ச்சல் தடுப்பூசியை வருடாவருடம் தவறாமல் போட்டுவிடுங்கள். தேங்கின தண்ணீரில் இறங்குகிற நாய்க்கு அது அவசியம்.

அடுத்தது முள். எந்தக் கண்மாயிலும் சீமைக்கருவேலம் இல்லாத இடம் கிடையாது. நாய் நொண்டினால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் முள் பாதத் திண்டில் இருக்காது, விரல் இடுக்கில் ஒடிந்து நிற்கும். பையில் ஒரு முள்வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை முக்கி வைத்தால் போதும். இரண்டு நாள் கழித்து வீங்கினால் உள்ளே மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டிருப்பார்கள். ஆடுகளைப் பார்த்ததும் கயிற்றைச் சுருட்டிக் கையில் பிடியுங்கள். உங்கள் நாய் விளையாட்டாகத்தான் ஓடும். ஆனால் சினை ஆடு மிரண்டு ஓடினால் குட்டி போய்விடும், கீதாரிக்கு அது விளையாட்டில்லை. அவருடைய நாய்களும் சும்மா இருக்காது.

கண்மாய் அலுத்துவிட்டால் கீழக்குயில்குடி போங்கள். சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், பெரிய பெரிய ஆலமரங்கள். நாயை மரத்தடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே பாதுகாக்கப்பட்ட சிற்பங்கள் இருக்கின்றன, குரங்குகள் இருக்கின்றன, பாறையும் சீக்கிரம் சூடேறிவிடும். அய்யனார், கருப்பு கோயில்களில் மண் குதிரைக்குப் பக்கத்தில் மண் நாயும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ராத்திரிக் காவல் போகும் சாமிக்கு அது துணை. ஆகவே கோயில் பக்கம் நாயைக் கட்டிக்கொண்டு நின்றால் ஊர்ப் பெரியவர்கள் அவ்வளவாகக் கோபிப்பதில்லை. கேட்டுவிட்டு நிற்பது மரியாதை.

அரிட்டாபட்டியையும் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அது 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். லகர் வல்லூறு, ராசாளிக் கழுகு எல்லாம் இருக்கிற மலை. நீங்கள் போங்கள், நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில், நாலு கூழாங்கல்லுக்கு நடுவில் முட்டை வைக்கும். மனிதன் மிதிக்காமல் போய்விடுவான், நாய் மூக்கை வைத்துக் கண்டுபிடித்துவிடும். எந்தக் கண்மாய்க் கரையிலும் அந்தக் குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டு வட்டமடித்துக் கீழே பாய்ந்தால், பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. நாயைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே வந்துவிடுங்கள்.

எங்களிடம் ஒன்றரை வயது சிப்பிப்பாறை இருக்கிறது. கயிற்றை அவிழ்த்தால் முயல், மயில் என்று எதன் பின்னாலாவது பறந்துவிடுகிறது. கூப்பிட்டால் திரும்பியே பார்ப்பதில்லை. அதன் ஓட்டத்தைப் பார்க்க அவ்வளவு அழகாக இருப்பதால் தடுக்கவும் மனம் வரவில்லை. என்ன செய்வது?
– விவசாயி, சாத்தூர் அருகே

அழகு என்பதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. என் வீட்டுக் கன்னி ஓடுவதைப் பார்த்துப் பால்காரர் வண்டியை நிறுத்திவிடுவார். ஆனால் நீங்கள் கேட்பதில் மூன்று ஆபத்துகள் இருக்கின்றன.

முதலாவது சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. காட்டுமுயலுக்கும் பாதுகாப்பு உண்டு. வேட்டை என்றால் சுட்டுக் கொல்வது மட்டும் என்று நினைக்காதீர்கள். துரத்துவது, விரட்டுவது எல்லாமே அந்தச் சட்டத்தில் வேட்டைதான். நாய் தானாகப் போயிருச்சுங்க என்று வனத்துறையிடம் சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறதென்று தெரியும். ஊருக்குள் மயில் நூற்றுக்கணக்கில் திரிந்து கடலையைக் கொத்தித் தின்றாலும் கதை அதுதான்.

இரண்டாவது கிணறு. உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இந்த இன நாய் கண்ணால் பார்த்துத் துரத்துகிற நாய். முயல் கிணற்று விளிம்பில் சட்டென்று வெட்டித் திரும்பும், பின்னால் வருகிற நாயால் அந்த வேகத்தில் திரும்ப முடியாது. வேலை பார்த்த காலத்தில் தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டித் தூக்கிய நாய்களை நான் பார்த்திருக்கிறேன். உயிரோடு வந்தவை கொஞ்சம்தான். காட்டுப்பன்றிக்காகக் களவாக மின்சாரம் பாய்ச்சிய வேலியையும் மறந்துவிட வேண்டாம்.

மூன்றாவது உங்கள் மண். கோடையில் கரிசல் வெடித்திருக்கும்போது அந்த வெடிப்பில் முன்னங்கால் மாட்டினால் எலும்பு முறியும். மெலிந்த நீளமான கால், ஓடுவதற்கென்றே அமைந்தது, குறுக்கே வருகிற அடியைத் தாங்காது.

சரி, ஓடவே விடக் கூடாதா? விடலாம். சுற்றிலும் வேலி போட்ட தோப்பு, அல்லது வைப்பாற்று மணலில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நீட்டு. முதலில் நீங்கள் நடந்து பார்த்து உடைந்த பாட்டில் கிடக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். ஒரு பழைய துணியைக் கயிற்றில் கட்டி, ஒரு பையன் சைக்கிளில் இழுத்துக்கொண்டு போகட்டும். நூறு மீட்டர் தூரம், நாலைந்து ஓட்டம், அவ்வளவு போதும். இது நெடுந்தூரம் ஓடுகிற சாதி இல்லை, குறுகிய தூரத்தில் முழு வேகம். வயிறு நிறையத் தின்றவுடன் ஓடவிடவே கூடாது. நெஞ்சு ஆழமான நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் தவித்தால், அடுத்த சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும்.

கூப்பிட்டால் வருவதற்கு: கருவாட்டு நெத்திலியைப் பொடித்து ஒரு டப்பாவில் போடுங்கள். டப்பாவைக் குலுக்கி, பெயரைச் சொல்லி, வந்ததும் கொடுங்கள். வீட்டு முற்றம், பிறகு தோட்டம், பிறகு நீளக் கயிற்றோடு வெளி என்று மாதக்கணக்கில் பழக்க வேண்டும். வந்த பிறகு ஏன் லேட் என்று அடிக்கிற வழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள். அடி வாங்க யார் வருவார்?

ஒரு விஷயம், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது நம் பக்கத்து ராஜபாளையத்துக்கு ஒன்று கிடைத்தது. சிப்பிப்பாறைக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

குரங்கணி, மேகமலை பக்கம் நண்பர்களோடு மலையேறுவது வழக்கம். எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டையும் கூட்டிப் போகலாமா? அது நன்றாகவே நடக்கும்.
– கல்லூரி மாணவர், போடி

வேண்டாம் தம்பி. குரங்கணிக் காட்டுத்தீயில் 2018 மார்ச்சில் 23 பேர் இறந்த பிறகு, அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவதே தவறு என்று உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாயோடு போவது அதற்கு மேல் ஒரு படி.

நாய் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள், ஆயிரம் அளவுக்கு, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயில் இறந்தன. சுற்றுப்புற ஊர் நாய்களிடமிருந்து போனதாகத்தான் ஆய்வாளர்கள் கண்டார்கள். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் இறந்த சிங்கங்களிலும் அதே வைரஸ் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021-இலிருந்து புலிகள் காப்பகம். செந்நாய்க் கூட்டம் இருக்கிற மலை. உங்கள் நாய் தடுப்பூசி போட்டிருக்கலாம், ஆனால் அதன் மேல் ஒட்டிக்கொண்டு போகும் உண்ணியையும் அது கழித்துவிட்டு வரும் குடற்புழுவையும் தடுப்பூசி தடுக்காது. போதாக்குறைக்கு, யானையையோ காட்டுமாட்டையோ பார்த்துக் குரைத்துவிட்டு நாய் நேராக எஜமானிடம் ஓடிவரும். பின்னால் துரத்திக்கொண்டு எது வரும் என்று யோசியுங்கள்.

மலைதான் வேண்டும் என்றால், அடிவாரத்து மாந்தோப்புகளில் தெரிந்தவர் யாரிடமாவது கேட்டுக்கொண்டு ஒரு காலைப் பொழுது போய்வாருங்கள். வாய்க்கால் தண்ணீர், நிழல், மலைக்காற்று எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

குன்னூரில் எஸ்டேட் குடியிருப்பில் இருக்கிறோம். வேலை முடிந்து சாயங்காலம் ஆறரைக்குத்தான் எங்கள் பீகிளைத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் கூட்டிப் போக முடிகிறது. பக்கத்து வீட்டு நாயைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. பயமாக இருக்கிறது.
– வாசகி, குன்னூர்

பயப்பட வேண்டிய விஷயம்தான். உங்கள் ஊர்ச் சிறுத்தைக்கு நாய் என்றால் சுலபமான இரை, அது நடமாடுகிற நேரமும் நீங்கள் சொல்கிற அந்த நேரம்தான். நடையைக் காலை ஏழு மணிக்கு மேல் மாற்றுங்கள். சாயங்காலம் வீட்டு வாசலில், விளக்கு வெளிச்சத்தில், உங்கள் கையில் கயிறு இருக்க ஐந்து நிமிடம் போதும். ராத்திரி நாய் வீட்டுக்குள் படுக்கட்டும். வெளியே சங்கிலியில் கட்டிப்போடுவது, இலை போட்டுப் பரிமாறுவது போல. காட்டெருமை நிற்கிற பாதையில் நாய் குரைத்தால் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள், பீகிள் தூக்குகிற எடைதான்.

திருவான்மியூர் கடற்கரையில் தினமும் விடியற்காலை எங்கள் நாட்டு நாயை அவிழ்த்துவிட்டு ஓடவிடுகிறேன். ஆமை முட்டை எடுக்கிற பையன்கள் வந்து கயிற்றில் பிடியுங்கள் என்று சண்டை போடுகிறார்கள். அவர்கள் சொல்வது நியாயமா?
– வாசகர், திருவான்மியூர்

முழு நியாயம். மகள் வீட்டுக்கு வரும்போது நானும் அந்தக் கடற்கரையில் நடப்பவன், அந்தப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சென்னையில் மாணவர்கள் 1988-லிருந்து ராத்திரி ராத்திரியாக நடந்து பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பாகப் புதைத்து வைக்கிறார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆமை கரையேறும். ஒரு குழியில் நூறு முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும், பொரிக்க 45 நாளுக்கு மேல் ஆகும். அவர்கள் கண்ணில் படாத குழியை உங்கள் நாயின் மூக்கு கண்டுபிடித்துவிடும். தை பிறந்ததிலிருந்து சித்திரை முடியும் வரை கயிற்றோடு போங்கள். மற்ற மாதங்களில் கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்து அவிழ்த்துவிடுங்கள், அதுவும் கூப்பிட்டால் வருகிற நாயாக இருந்தால். மாநகராட்சி உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் கைபேசியில் இருக்கட்டும்.

நான் அதைவிடப் பயப்படுவது பேத்தை மீனுக்கு. வலையில் சிக்கும் பேத்தையை மீனவர்கள் கரையிலேயே எறிந்துவிடுவார்கள், யாரும் தின்ன மாட்டார்கள். காய்ந்து ஊதிக் கிடக்கும் அந்த மீனை நாய் பந்து என்று நினைத்துக் கவ்வும். அதன் ஈரலிலும் தோலிலும் இருக்கிற விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. உதடு மரத்து, பின்னங்கால் தள்ளாடி, மூச்சு நின்றுவிடும். ஆகவே ‘விடு’ என்றால் விடுகிற பழக்கத்தை நாய்க்குச் சொல்லிக்கொடுப்பதுதான் முதல் பாடம். தூண்டில் முள், சொறிமீன் எல்லாம் அதற்கு அடுத்துதான். நல்ல தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய் அடிக்கடி கொடுங்கள். தாகத்தில் கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் வரும்.

எங்கள் பக் இன நாய்க்கு நான்கு வயது. மத்தியானம் காரில் முக்கொம்புக்கு அழைத்துப் போனோம். திரும்பும்போது நாக்கு நீலமாகி மயங்கிவிட்டது. எப்படியோ பிழைத்தது. இனி வெளியே கூட்டிப் போகவே கூடாதா?
– வாசகர், திருச்சி

கூட்டிப் போகலாம், மத்தியானம் கூடாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்க வேண்டும். பக்குக்கு மூக்கே இல்லை, மூச்சுக்குழலும் குறுகல். மற்ற நாய் சமாளிக்கிற வெயிலில் அது விழுந்துவிடும். மார்கழி, தையில் காலை ஏழரைக்குள், மற்ற மாதங்களில் விடியற்காலை. கத்திரி முடியும் வரை வீட்டுத் திண்ணையே போதும்.

தார் ரோட்டில் இறக்கும் முன் உங்கள் புறங்கையை ரோட்டில் வையுங்கள். ஏழு வினாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. கண்ணாடி ஏற்றிய காரில் ஐந்து நிமிடம் என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெளியே 35 டிகிரி செல்சியஸ் இருந்தால் உள்ளே அரை மணியில் 50-ஐத் தொட்டுவிடும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101-லிருந்து 102.5 ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் அவசரம். மயங்கினால் அங்கேயே, நிழலில், குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள், வயிறு, தொடை இடுக்கு எல்லாம் நனையட்டும். விசிறுங்கள். ஈரத்துணியைப் போர்த்திவிடாதீர்கள், சூடு உள்ளேயே நின்றுவிடும். மயங்கின வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள். கொஞ்சம் தணிந்ததும் மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். எழுந்து வாலை ஆட்டினாலும் போங்கள். சிறுநீரகம், ஈரல் கெட்டது மறுநாள்தான் தெரியும்.

கண்மாய்ப் பக்கம் போய்வந்த அரைமணியில் எங்கள் நாயின் முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. பச்சிலை வைத்துக் கட்டினோம். மறுநாள் இறந்துவிட்டது. பாம்பாக இருக்குமா?
– வாசகர், மானாமதுரை

வருத்தமாக இருக்கிறது. விரியன் கடியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். குளவியோ தேளோ கொட்டினாலும் வீங்கும், ஆனால் மறுநாள் இறப்பது அபூர்வம். நாய்க்குப் பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோதான் கடி விழும், புதரில் மூக்கை விடுவதால். கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் கடித்தால் வீக்கமும் ரத்தக் கசிவும். கட்டுவிரியன் என்றால் வீக்கத்தைத் தேட வேண்டாம், நல்லபாம்பு என்றால் வீக்கமும் இருக்கலாம்; இரண்டிலும் எச்சில் ஒழுகும், கால் தள்ளாடும், இமை தொங்கும். எதுவானாலும் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மனிதனுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினர் 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிற, நான் சொன்ன இந்த நாலு பாம்பின் விஷத்திலிருந்துதான் அந்த மருந்துக்கு மூலப்பொருள் போகிறது. உங்கள் ஊரில் எந்த மருத்துவமனையில் அது இருப்பில் இருக்கும் என்று இன்றைக்கே விசாரித்து எழுதி வையுங்கள்.

எனக்கு 62 வயது. பொமரேனியனோடு காலையில் தெருவில் நடந்தாலே தெரு நாய்கள் சூழ்ந்துகொள்கின்றன. கையில் தூக்கிக்கொண்டால் என் மேலேயே பாய்கின்றன.
– வாசகி, திண்டுக்கல்

தூக்குவதால்தான் அம்மா பாய்கின்றன. உயரத்தில் ஆடுவதை எட்டிப் பிடிக்கத்தான் அவற்றுக்குத் தோன்றும். ஓடாதீர்கள். நின்று, உங்கள் நாயைப் பின்பக்கம் தள்ளி, கையில் ஒரு குடை இருந்தால் முன்னால் சட்டென்று விரியுங்கள். தெருவில் யார் எந்த நேரம் அவற்றுக்குச் சோறு வைக்கிறார் என்று பார்த்து, அந்த நேரத்தையும் இடத்தையும் தவிர்த்துவிடுங்கள். தினமும் ஒரே வழியில் போனால் ஒரு மாதத்தில் அவற்றுக்கே பழகிப்போகும். மீறிக் கடித்துவிட்டால், கீறல்தானே என்று விடாமல், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி ஆரம்பித்துவிட வேண்டும். உங்கள் நாயைக் கடித்திருந்தால் அதற்கும்தான், கால்நடை மருத்துவரிடம்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் டைகருக்கு 13 வயது. பின்னங்கால் வலியால் நடக்க மாட்டேன் என்கிறது. ஆனால் அப்பா வண்டியை எடுத்தால் மட்டும் எழுந்து வருகிறது. கூட்டிப் போகலாமா?
– மாணவி, உசிலம்பட்டி

தாராளமாகப் போகலாம் பாப்பா. என்ன வண்டி என்று நீ எழுதவில்லை. டிவிஎஸ் ஐம்பது என்றால் முன்பக்கம் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் டைகரை ஏற்றச் சொல். அப்பா மெதுவாக ஓட்டட்டும், பின்னால் உட்கார்ந்து தலையில் ஹெல்மெட் போட்டுக்கொள். வயக்காட்டு ஓரம் நிறுத்தி, வரப்பில் இறக்கிவிட்டு, அது எவ்வளவு நேரம் நின்று முகர்கிறதோ அவ்வளவு நேரம் நீயும் நில். இறக்கும்போது குதிக்கவிடாமல் தூக்கி இறக்க வேண்டும். மூட்டு வலிக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, உங்கள் ஊர் அரசுக் கால்நடை மருத்துவமனையில் காட்டச் சொல். வீட்டில் இருக்கிற மனிதர்களின் வலி மாத்திரையை மட்டும் கொடுக்கவே கூடாது, குடலில் புண் வந்துவிடும்.

வெளியே போய்வந்தாலே உடம்பெல்லாம் உண்ணி. வயலுக்கு அடிக்கிற மருந்தைக் கரைத்துக் குளிப்பாட்டலாம் என்கிறார்கள். சரியா?
– வாசகர், கமுதி

கூடாது. வயல் மருந்தில் குளித்து வலிப்பு வந்து மேசையில் கிடந்த நாய்களைப் பார்த்தவன் சொல்கிறேன். உண்ணிக்கென்று மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிற மாத்திரை இருக்கிறது, கழுத்தில் விடுகிற சொட்டு மருந்து இருக்கிறது. எடைக்கு ஏற்ப மருத்துவர் எழுதித் தருவார். திரும்பி வந்ததும் காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். முள்வாங்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், மண்ணெண்ணெய் வேண்டாம். உண்ணி பார்த்த சில வாரங்களில் நாய் சோறு தின்னாமல், காய்ச்சலோடு, மூக்கில் ரத்தம் வந்தால் உடனே ரத்தப் பரிசோதனை. உண்ணிக் காய்ச்சல் சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும்.

திருநெல்வேலியில் தங்கை வீட்டுக்கு நாயோடு ரயிலில் போகலாமா?
– வாசகர், விருதுநகர்

குளிர்சாதன முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுதாக உங்கள் பெயரில் பதிவு செய்தால் கூடவே கொண்டுபோகலாம். மற்றப் பெட்டிகளில் அனுமதி இல்லை. இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டு. இருட்டு, சத்தம், அதில் நம் வெயிலுக்கு நான் அனுப்ப மாட்டேன். விருதுநகரிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாமே. கிளம்பும் முன் சோறு போடாதீர்கள். கயத்தாறு தாண்டி எங்காவது நிழலில் நிறுத்தி, கயிற்றை மாட்டிய பிறகு கதவைத் திறங்கள், நாலுவழிச் சாலை அது.